தந்திக் கம்பி முதல் இணையம் வரை: தொடர்பு நுட்பமும் இராஜதந்திர உறவுகளும் – ஒரு வரலாற்று நோக்கு

1

இலக்கமுறைத் தொழில்நுட்பம் இராஜதந்திரத்தை அடியோடு மாற்றிவிட்டது என்னும் கூற்று அண்மைக் காலத்திற் பெருவழக்காகியுள்ளது. அரசுத் தலைவர்கள் கைத்தொலைபேசி வழியே ஒருவரோடொருவர் நேரிற் பேசுகின்றனர். அமைச்சர்கள் கணினித் திரையின் முன்னமர்ந்து மாநாடு நடத்துகின்றனர். நாடுகளின் நிலைப்பாடுகள் சமூக ஊடகங்களில் இரண்டு மூன்று வரிகளில் வெளியாகின்றன. இவற்றைக் கண்டோருட் சிலர் தூதுவரின் காலம் முடிந்துவிட்டதென்பர். வேறு சிலர், மூடிய அறைகளுள் நடந்தவை மக்களின் கண்முன் வந்துவிட்டமையால் இராஜதந்திரம் சனநாயகமயமாகிவிட்டதென்பர். இவ்விரு சாராரும் தொழில்நுட்பத்தைத் தானே இயங்கும் ஒரு சக்தியாகக் கொள்கின்றனர். அதனை யார் ஆக்கினர், அது யாருடைய உடைமை, யாருடைய தேவைக்காக இயங்குகின்றது என்னும் வினாக்களை இவர்கள் எழுப்புவதில்லை.

அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு நாம் வரலாற்றைத் துணைக்கொள்ள வேண்டியுள்ளது. ஏனெனில், இன்று இணையத்தைப் பற்றிக் கூறப்படுவனவற்றுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்தந்தியைப் பற்றியும் கூறப்பட்டன. அன்றும் தூதுவர் கம்பியின் முனையில் அமர்ந்த எழுதுவினைஞராகிவிடுவார் என்று அஞ்சினர். நாடுகள் நெருங்கி வருவதாற் போர் ஒழியும் என்று நம்பினர். அவ்வச்சமும் நம்பிக்கையும் என்னவாயின என்பதை நோக்கினால், இன்றைய மாற்றத்தில் எது புதியது, எது பழையது என்பதைப் பிரித்தறிதல் கூடும். வேகம், வெளிப்படைத் தன்மை, உடைமை என்னும் மூன்று நோக்கில் இதனை ஆராயலாம். இம்மூன்றனுள் முன்னைய இரண்டுமே பெரிதும் பேசப்படுகின்றன. மூன்றாவதே தீர்மானகரமானது என்பது நமது கருத்து.

2

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். 1814 டிசம்பர் 24ஆந் திகதி பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் இன்றைய பெல்ஜியத்திலுள்ள கெண்ட் நகரிற் சமாதான உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டன. அதற்குப் பதினைந்து நாள்களின் பின்னர், 1815 ஜனவரி 8ஆந் திகதி, அவ்விரு நாட்டுப் படைகளும் நியூ ஓர்லியன்ஸ் நகருக்கருகிற் கடும் போர் புரிந்தன. உடன்படிக்கை பற்றிய செய்தியைத் தாங்கிய கப்பல் அப்பொழுது அத்திலாந்திக் கடலில் இருந்தது. ஏறத்தாழ ஈராயிரம் பிரித்தானியப் படையினர் இறந்தும் காயமுற்றும் சிறைப்பட்டும் போயினர். செய்தி தாமதித்தமையால் நேர்ந்த அழிவுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. வேகமான தொடர்பு சமாதானத்துக்கு உதவும் என்று அக்காலத்தோர் நம்பியமை இயல்பே.

ஆயின், தாமதத்துக்கு வேறொரு பயனும் இருந்தது. 1861 நவம்பர் 8ஆந் திகதி, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வட மாநிலங்களின் போர்க்கப்பலொன்று ட்ரென்ட் என்னும் பிரித்தானியத் தபாற் கப்பலை மறித்து, தென் மாநிலங்களின் தூதுவர் இருவரைச் சிறைப்பிடித்தது. 1858இல் இடப்பட்ட முதலாவது அத்திலாந்திக் கேபிள் மூன்று வாரமளவிற் செயலிழந்துவிட்டது. நிலையான கேபிள் 1866இலேயே அமைந்தது. எனவே சம்பவச் செய்தி இலண்டனை எட்ட நவம்பர் 27ஆந் திகதி ஆயிற்று. பிரித்தானியாவிற் கொதிப்பு மிகுந்தது. கனடாவுக்குப் படைகள் அனுப்பப்பட்டன. ஆயினும் வாஷிங்டனுக்கு அனுப்பவிருந்த கடிதத்தின் கடுமையான வாசகத்தை நோயுற்றிருந்த இளவரசர் அல்பேட் தணித்துத் திருத்துவதற்கு அவகாசம் இருந்தது. அக்கடிதம் கப்பலேறிச் சென்று சேர்வதற்குள் வாஷிங்டனிலும் கொதிப்பு அடங்கலாயிற்று. டிசம்பர் இறுதியில் அவ்விருவரையும் விடுவிக்கத் தீர்மானிக்கப்பட்டது. கேபிள் அவ்வாண்டு இயங்கியிருப்பின் இரு நாடுகளும் போரில் இறங்கியிருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர் உளர்.

1914ஆம் ஆண்டு யூலை மாத நெருக்கடி இதன் மறுபக்கம். அதற்குள் ஐரோப்பியத் தலைநகரங்கள் அனைத்தும் தந்தியால் இணைக்கப்பட்டுவிட்டன. யூலை 23ஆந் திகதி அவுஸ்திரியா-ஹங்கேரி சேர்பியாவுக்கு விடுத்த இறுதி அறிவித்தலுக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் மறுமொழி தரவேண்டுமென்று விதிக்கப்பட்டது. யூலை 28ஆந் திகதி போர்ப் பிரகடனமே தந்தி மூலம் அனுப்பப்பட்டது. அடுத்த சில நாள்களில் ஜேர்மன் பேரரசரும் ரஷ்யப் பேரரசரும் ஒருவருக்கொருவர் தந்தி விடுத்துச் சமாதானம் பேசினர். அதேவேளையில் இரு நாட்டுப் படைகளும் புகையிரத அட்டவணைப்படி எல்லை நோக்கித் திரட்டப்பட்டன. ஓகஸ்ட் 1ஆந் திகதி ஜேர்மனி ரஷ்யாமீது போர் தொடுத்தது. ஒரு தந்திக்கு மறுமொழி எழுதி முடிப்பதற்குள் வேறு மூன்று தந்திகள் வந்து குவிந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்பதே குழம்பிற்று.

தந்தியே முதலாம் உலகப் போருக்குக் காரணம் என்று கூறுவது பேதைமையாகும். குடியேற்ற நாடுகளுக்கும் சந்தைகளுக்குமாக ஏகாதிபத்திய அரசுகளுக்கிடையே முற்றிய போட்டியே அதன் அடிப்படை. ஆயினும், அடிப்படைக் காரணங்கள் போராக வெடிக்கும் தருணத்தைத் தொடர்பு நுட்பம் சுருக்கவும் நீட்டவும் வல்லது. வேகம் நடுநிலையானதன்று. போரை விரும்புவோன் கையில் அது ஆயுதம். இணக்கத்தை நாடுவோனுக்கு அது சிந்திக்கும் நேரத்தைப் பறிக்கும் ஒன்று. 1870 யூலையில் எம்ஸ் நகரிலிருந்து வந்த தந்தியைப் பிஸ்மார்க் சுருக்கி, பிரான்சுக்கு அவமதிப்பாகத் தோன்றும் வகையிற் பத்திரிகைகளுக்கு வழங்கியமையும், ஒரு வாரத்துள் பிரான்ஸ் போர் அறிவித்தமையும் இதற்குச் சான்று. செய்தியைத் திரிப்பதற்கு வேண்டியிருந்தவை ஒரு பேனாவும் ஒரு தந்தி அலுவலகமுமே.

3

அடுத்து உடைமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் கடலடிக் கேபிள்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிரித்தானியாவுக்குரியவையாயிருந்தன. கோர்ண்வால் பகுதியிலுள்ள போர்த்கேர்னோ என்னும் சிறு கடற்கரையிலிருந்து புறப்பட்ட கேபிள், ஜிப்ரால்டர், மோல்டா, அலெக்சாந்திரியா, ஏடன் வழியாக 1870இல் பம்பாயை எட்டியது. குடியேற்ற ஆட்சியின் நரம்புத் தொகுதியாக அது அமைந்தது. ஆளுநரின் கை நீண்டது. ஆனால் அவரது தற்றுணிபு குறுகியது. முன்னர் மாதக் கணக்கிற் காத்திராது தாமே முடிவெடுத்த அதிகாரி, இப்பொழுது இலண்டனின் கட்டளையை எதிர்பார்க்கலானார். தூதுவர்களுக்கும் இதுவே நேர்ந்தது. முழு அதிகாரம் பெற்றவர் என்னும் பட்டம் நிலைத்தது. அதிகாரம் தலைநகருக்குப் பெயர்ந்தது.

கம்பி யாருடையது என்னும் வினாவின் முழுப் பொருளும் 1914 ஓகஸ்ட் 5ஆந் திகதி விளங்கிற்று. போர் அறிவித்த மறுநாட் காலையில், பிரித்தானியக் கேபிள் கப்பலொன்று ஆங்கிலக் கால்வாயிற் கிடந்த ஜேர்மன் கேபிள்களைத் துண்டித்தது. அதன்பின் கடல் கடந்த நாடுகளுடன் பேசுவதற்கு ஜேர்மனி பிறர் கம்பிகளையும் வானொலியையும் நம்ப வேண்டியதாயிற்று. 1917 ஜனவரியில் ஜேர்மன் வெளிநாட்டமைச்சர் சிமர்மன், மெக்சிக்கோ ஜேர்மனியுடன் சேர்ந்து அமெரிக்காவுடன் போரிடின் டெக்சாஸ், நியூ மெக்சிக்கோ, அரிசோனா ஆகியவற்றை மீளப் பெற உதவுவதாக அனுப்பிய தந்தி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சமாதானப் பேச்சுக்கு உதவும் பொருட்டு அமெரிக்க சனாதிபதி வில்சன் தமது நாட்டின் இராஜதந்திரக் கம்பியை ஜேர்மனி பயன்படுத்த இணங்கியிருந்தார். அக்கம்பி இலண்டன் வழியாகவே சென்றது. பிரித்தானியக் கடற்படையின் சங்கேத ஆய்வுப் பிரிவு அதனைப் படித்தது.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தியொன்றுண்டு. தந்தியை வெளியிட்டால், நடுநிலை நாடான அமெரிக்காவின் கம்பியையும் பிரித்தானியா ஒற்றுக் கேட்டு வந்தமை வெளியாகிவிடும். அதனை மறைப்பதற்காக, மெக்சிக்கோ நகரத் தந்தி அலுவலகத்திலிருந்து வேறொரு பிரதியைப் பெற்று, அதுவே தமக்குக் கிடைத்தது போன்று பிரித்தானியர் காட்டினர். மார்ச் 1ஆந் திகதி தந்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. ஏப்ரல் 6ஆந் திகதி அமெரிக்கா போரிற் குதித்தது. நட்பு நாட்டின் செய்தியைப் படிப்பதும், படித்ததை அந்நாட்டுக்கு மறைப்பதும் இணையத்தோடு பிறந்தவை அல்ல. கம்பி தன் நிலத்தின் வழியே செல்வோனுக்கு அது எக்காலத்தும் கிடைத்த வாய்ப்பாகும்.

4

இரண்டாம் உலகப் போரின் பின் குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் இராஜதந்திர அரங்கினுட் புகுந்தன. 1961இல் நிறைவேறிய வியன்னா உடன்படிக்கை பெரிய அரசுக்கும் சிறிய அரசுக்கும் ஒரே விதியை வகுத்தது. தூதரகத்தின் ஆவணங்கள் எங்கிருப்பினும் மீறப்படலாகா. அதன் தொடர்புகள் தடையின்றி நடைபெற வேண்டும். இராஜதந்திரப் பை திறக்கப்படலாகாது. சங்கேதக் குறியீடுகளைப் பயன்படுத்தும் உரிமையும் உண்டு. ஆனால், வானொலி பரப்பும் கருவியை நிறுவுவதற்கு ஏற்கும் நாட்டின் சம்மதம் வேண்டும். சட்டத்தின் முன் அனைவரும் சமம். கருவிகளின் முன்னோ சமத்துவம் இருக்கவில்லை.

வல்லரசுகளிடையே கூடத் தொடர்பு எத்துணை நலிந்திருந்தது என்பதை 1962 ஒக்டோபரில் நேர்ந்த கியூபா நெருக்கடி காட்டியது. குருஷேவ் 26ஆந் திகதி அனுப்பிய நீண்ட கடிதம் வாஷிங்டனில் முழுமையாகக் கைக்கெட்ட ஏறத்தாழ அரை நாள் சென்றது. அக்காலத்திற் சோவியத் தூதுவராயிருந்த டொப்ரினின், தமது அவசரச் செய்திகளைத் தனியார் தந்திக் கம்பனியின் ஊழியரொருவர் சைக்கிளில் வந்து பெற்றுச் செல்வார் என்று நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். அணுவாயுதப் போரின் விளிம்பில் நின்ற உலகின் கதி ஒரு சைக்கிளிற் சென்றது. 1963 யூனில் இரு நாடுகளும் நேரடித் தொடர்பொன்றுக்கு இணங்கின. இலண்டன், கொபன்ஹேகன், ஸ்டொக்ஹோம், ஹெல்சிங்கி வழியாகச் சென்ற அது, பொதுவாக நம்பப்படுவது போன்று சிவப்புத் தொலைபேசியன்று, தொலையச்சு இயந்திரமாகும். பேச்சில் வாய் தவறும், மொழிபெயர்ப்பிற் பிழை நேரும், எழுத்தாயின் எண்ணிப் பார்க்க நேரமுண்டு என்பதே அதற்குக் காரணம். வேகத்தைத் தேடியவர்களே தாமதத்துக்கும் இடம் வைத்தனர்.

அந்நெருக்கடி தீர்ந்த முறையும் சிந்திக்கத்தக்கது. 27ஆந் திகதி இரவு ரொபேட் கென்னடியும் டொப்ரினினும் நேரிற் சந்தித்தனர். துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகள் பின்னர் அகற்றப்படும் என்னும் உறுதி அங்கு வாய்மொழியாக அளிக்கப்பட்டது. அது வெளியிடப்படலாகாது என்பது நிபந்தனை. அன்று அது வெளியாகியிருந்தால் உடன்பாடே குலைந்திருக்கக்கூடும். இரகசியம் எல்லாம் தீமை, வெளிப்படை எல்லாம் நன்மை என்று கொள்வோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

மூன்றாம் உலக நாடுகள் தமது நிலையை உணராதிருக்கவில்லை. 1976 ஓகஸ்டிற் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்திற் கூடிய அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு, புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கைப் போலவே தகவல் துறையிலும் புதியதோர் ஒழுங்கு இன்றியமையாததெனப் பிரகடனம் செய்தது. செய்தி முகவர் நிலையங்களும் அலைவரிசைகளும் செய்மதிகளும் சில நாடுகளின் கையில் இருக்கும்வரை அரசியற் சுதந்திரம் முழுமை பெறாது என்பதே அதன் உட்பொருள். 1980இல் யுனெஸ்கோவின் மக்பிரைட் ஆணைக்குழு அறிக்கை இவ்வாதத்துக்கு வலுவூட்டியது. 1984இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்கா யுனெஸ்கோவினின்று விலகியது. அடுத்த ஆண்டு பிரித்தானியாவும் விலகியது. கோரிக்கை மெல்ல மறக்கப்பட்டது.

ஆயின், கொழும்பில் அப்பிரகடனம் வாசிக்கப்பட்ட காலத்தில் மறைவில் நடந்துகொண்டிருந்ததை உலகம் அறிந்தது 2020 பெப்ரவரியிலேயே. சுவிட்சலாந்தின் சூக் நகரில் இயங்கிய கிரிப்டோ ஏஜி என்னும் நிறுவனம் உலகின் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சங்கேத இயந்திரங்களை விற்று வந்தது. நடுநிலை நாட்டின் உற்பத்தி என்பதே அதற்குக் கிடைத்த நற்சான்று. அந்நிறுவனத்தை 1970இல் அமெரிக்காவின் சீஐஏயும் மேற்கு ஜேர்மனியின் உளவுச் சேவையும் இரகசியமாக விலைக்கு வாங்கியிருந்தன என்பதை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் ஜேர்மன், சுவிஸ் ஒளிபரப்பு நிறுவனங்களும் ஆவணச் சான்றுடன் வெளியிட்டன. இயந்திரங்கள் எளிதில் உடைத்துப் படிக்கக்கூடியவாறு அமைக்கப்பட்டிருந்தன. அவற்றை வாங்கிய நாடுகளின் பட்டியலில் இந்தியா, எகிப்து, யூகோஸ்லாவியா, இந்தோனீசியா ஆகியவை காணப்பட்டன. அணிசேரா இயக்கத்தைத் தோற்றுவித்தோர் தமது இரகசியத்தைக் காப்பதற்கென வாங்கிய பெட்டி, அணி சேர்ந்தோரின் உடைமையாயிருந்தது. அவர்கள் தமது உளவு பார்க்கப்படுதலுக்குத் தாமே விலை கொடுத்தனர்.

5

இந்தப் பின்னணியில் நோக்கும்பொழுதுதான் இலக்கமுறைக் காலத்தின் புதுமை எது என்பது தெளிவாகும். ஒற்றுக் கேட்டல் புதியதன்று. அதன் அளவே புதியது. 2013 யூன் முதல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், பிரித்தானியக் கரையை வந்தடையும் ஒளியிழைக் கேபிள்களிலிருந்து தரவுகள் பெருமளவில் எடுத்துச் சேமிக்கப்பட்டமையைக் காட்டின. ஒளியிழைக் கேபிள்கள் பல, பழைய தந்திக் கேபிள்கள் சென்ற வழியே சென்றன. 1870இல் பம்பாய்க் கேபிள் புறப்பட்ட அதே போர்த்கேர்னோவில் 1990களின் இறுதியில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் ஒளியிழைக் கேபிளொன்று கரையேறியது. நுட்பம் மாறிற்று, புவியியலும் அதன்மீது படிந்த அதிகாரமும் பெரிதும் மாறவில்லை.

2009 ஏப்ரலில் இலண்டனில் நடந்த ஜீ-20 மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளுக்கென உளவுத் துறையினரே இணைய நிலையங்களை அமைத்து, அவர்களுடைய மின்னஞ்சல்களைப் படித்தனர் என்பதும் அவ்வாவணங்களால் வெளியாயிற்று. ஜேர்மன் அதிபர் மேர்க்கலின் கைத்தொலைபேசி கண்காணிக்கப்பட்டதென்ற செய்தியும் வந்தது. பிரேசில் சனாதிபதி ரூசெவ் வாஷிங்டனுக்கு மேற்கொள்ளவிருந்த அரசுமுறைப் பயணத்தை ஒத்திவைத்தார். பிரேசிலும் ஜேர்மனியும் முன்மொழிந்த, இலக்கமுறைக் காலத்தில் அந்தரங்க உரிமை பற்றிய தீர்மானம் 2013 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் நிறைவேறியது. 1917இல் மறைக்க வேண்டியிருந்த அதே செயல் 2013இல் மறைக்க முடியாததாயிற்று. ஆயினும் செயல் நின்றதென்று கொள்ள ஆதாரமில்லை.

தமிழ் மரபில் திருக்குறள் தூதுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்துள்ளமை நாமறிந்ததே. இரண்டும் அரசனின் கருவிகளே. ஆனால் ஒன்று வெளிப்படையாகச் சென்று பேசுவது, மற்றது மறைந்து நின்று அறிவது. இப்பாகுபாடு தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. வியன்னா உடன்படிக்கையின் அடித்தளமும் அதுவே. இலக்கமுறைத் தொழில்நுட்பம் இவ்வெல்லையை அழித்து வருகின்றது. 2009இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் தனது இராஜதந்திரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலொன்று, ஐக்கிய நாடுகள் அதிகாரிகளின் கடனட்டை எண்கள், உடலடையாளத் தரவுகள் முதலியவற்றைச் சேகரிக்குமாறு பணித்தது. பேச வந்தவனே ஒற்றனாகும்பொழுது, அவனுக்கு அளிக்கப்படும் பாதுகாப்பின் நியாயம் தளர்ந்துவிடுகின்றது.

இவ்வறிவுறுத்தல் 2010 நவம்பர் 28ஆந் திகதி விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கிய ஆவணங்களுள் ஒன்று. மொத்தம் 251,287 தந்திகள். இவ்வளவு கடதாசியை ஒரு தூதரகத்திலிருந்து எடுத்துச் செல்ல வண்டிகள் வேண்டும்; இலக்கமுறையிற் கைக்குள் அடங்கும் ஒரு சாதனம் போதும். எல்லாவற்றையும் ஒரே வலையமைப்பிற் குவித்து மத்தியப்படுத்திய பேரரசின் வசதியே அதன் பலவீனமாயிற்று. 1917 நவம்பரில் போல்ஷெவிக் அரசு சார் ஆட்சியின் இரகசிய உடன்படிக்கைகளை வெளியிட்டு, மத்திய கிழக்கைப் பிரித்தானியாவும் பிரான்சும் பங்கிடத் திட்டமிட்டமையை உலகறியச் செய்தது. அன்று அதனைச் செய்தது புரட்சியில் அதிகாரத்துக்கு வந்த ஓர் அரசு. 2010இற் செய்தவர் ஒரு படைவீரர்; அவருக்கு 2013இல் முப்பத்தைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, 2017இல் அது குறைக்கப்பட்டது.

அத்தந்திகளுட் கொழும்பிலிருந்து சென்றவையும் இருந்தன. 2010 ஜனவரி 15ஆந் திகதியிட்ட ஒன்றில், 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக்கட்டத்தில் நிகழ்ந்தனவெனக் கூறப்பட்ட குற்றங்கள் பலவற்றின் பொறுப்பு நாட்டின் உயர்ந்த சிவில், இராணுவத் தலைமையைச் சாரும் என்றும், அத்தகைய அரசொன்று தன்னைத்தானே விசாரிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை என்றும் அமெரிக்கத் தூதுவர் தமது தலைமையகத்துக்கு எழுதியிருந்தார். அவ்வாண்டின் இறுதியில் அது வெளியாகும் வரை, உறவினரை இழந்த மக்கள் இவ்வாறானதொரு மதிப்பீடு உண்டென்பதையே அறியார். வெளியான பின்னரும் அதனால் விசாரணையொன்று தோன்றவில்லை. உண்மை ஓரிடத்தில் எழுதப்பட்டிருப்பதும், அது எல்லோரும் படிக்கக் கிடைப்பதும், அதன்வழி நீதி கிடைப்பதும் மூன்று வெவ்வேறு நிலைகள். முதலாவதினின்று இரண்டாவதற்குச் செல்லத் தொழில்நுட்பம் உதவும். இரண்டாவதினின்று மூன்றாவதற்குச் செல்வது மக்களின் அமைப்பாலும் அரசியற் போராட்டத்தாலுமே கைகூடுவது.

6

வெளிப்படைத் தன்மையின் மற்றொரு வடிவம் சமூக ஊடகம். 2013 செப்டெம்பர் 27ஆந் திகதி அமெரிக்க, ஈரானிய சனாதிபதிகள் தொலைபேசியில் உரையாடினர். 1979இன் பின் அத்தகைய உரையாடல் அதுவே முதன்முறை. செய்தி முதலில் ஈரானிய சனாதிபதியின் டுவிட்டர்க் கணக்கில் வெளியாயிற்று. 2019 யூன் 29ஆந் திகதி அமெரிக்க சனாதிபதி ட்ரம்ப் வடகொரியத் தலைவரை எல்லையிற் சந்திக்கத் தாம் தயார் என்று டுவிட்டரில் எழுதினார். யோசனை சுவையானதுதான், ஆனால் முறைப்படியான அழைப்பு எதுவும் தமக்குக் கிட்டவில்லை என்று வடகொரிய வெளிநாட்டமைச்சின் உயரதிகாரி மறுமொழி கூறினார். அதன்பின் அதிகாரிகள் இரவோடிரவாக ஒழுங்குகளைச் செய்ய, மறுநாட் பன்முன்ஜோமிற் சந்திப்பு நிகழ்ந்தது. அணுவாயுத உடன்பாடு எதுவும் அதனால் விளையவில்லை. உலகு முழுவதற்கும் கூறப்பட்ட ஒன்று, அழைக்கப்பட்டவருக்குக் கூறப்பட்டதாகாது. அவ்விடைவெளியை நிரப்பியவர் பழைய முறைத் தூதரே.

கொவிட் தொற்றுக்காலம் இதனை மேலும் தெளிவாக்கிற்று. 2020 செப்டெம்பரிற் பொதுச் சபையின் எழுபத்தைந்தாவது அமர்வில் தலைவர்களின் உரைகள் முன்னரே பதிவு செய்யப்பட்டு மண்டபத்தில் திரையிடப்பட்டன. உரைகள் குறைவின்றி நிகழ்ந்தன. நிகழாதவை, தாழ்வாரத்தில் இருவர் ஒதுங்கிப் பேசும் பேச்சு, தேநீர் வேளையில் விட்டுக்கொடுக்கும் ஒரு சொல் ஆகியன. சிறிய நாடுகளுக்கே இவ்விழப்பு பெரிது. பல நாடுகளில் தூதரகம் வைத்திருக்க வசதியற்ற அரசொன்றுக்கு நியூயோர்க் மண்டபத் தாழ்வாரமே உலகத்தின் வாசலாகும். திரையிற் பேசக் கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் திரையிற் பேசுவோனைக் கேட்க வேண்டிய கட்டாயமும் எவருக்குமில்லை.

சமூக ஊடகம் பொதுவெளி என்று கருதுவோர் 2021 ஜனவரி 8ஆந் திகதியை நினைவிற் கொள்ளல் நலம். அன்று ஒரு தனியார் கம்பனி, பதவியிலிருந்த அமெரிக்க சனாதிபதியின் கணக்கை நிரந்தரமாக முடக்கியது. 2022 ஒக்டோபரில் அக்கம்பனி ஒரு செல்வந்தரின் கைக்கு மாறியது. அடுத்த மாதமே அக்கணக்கு மீட்கப்பட்டது. அம்மனிதரின் அரசியலை நாம் ஏற்கின்றோமா என்பது வேறு வினா. அரசுகள் தமது குரலை ஒப்படைத்திருக்கும் மேடை, ஒருவரின் விருப்பத்தாற் பூட்டவும் திறக்கவும் படும் தனியுடைமை என்பதே ஈண்டு கருதற்பாலது.

7

சிறிய நாடுகள் இதற்கு என்ன செய்தன? இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கன. 2007இற் பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளான எஸ்தோனியா, தனது அரச ஆவணங்களின் பிரதிகளை நாட்டுக்கு வெளியே வைக்கத் தீர்மானித்து, 2017 யூனில் லக்சம்பேர்க்குடன் ஓர் உடன்படிக்கை செய்தது. அங்குள்ள கணினி நிலையத்துக்குத் தூதரகத்துக்குரியதை ஒத்த மீறவியலாப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. தூதுவரில்லாத, தரவுகள் மாத்திரமே உறையும் தூதரகம் அது. அதே ஆண்டு டென்மார்க், பெரும் தொழில்நுட்பக் கம்பனிகளுடன் தொடர்பு பேணவென ஒரு தூதுவரை நியமித்துக் கலிபோர்னியாவில் அமர்த்தியது. கம்பனிகள் அரசுகளுக்கு நிகரான சக்திகளாகிவிட்டன என்பதை ஓர் அரசு முறைப்படி ஒப்புக்கொண்டமையே இதன் பொருள். அப்பதவியை முதலில் வகித்தவர் 2020இல் அத்தகைய கம்பனியொன்றிலேயே உயர்பதவி ஏற்றுச் சென்றார். சக்தி எப்பக்கம் ஈர்க்கின்றது என்பதை இது காட்டும்.

ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் சீ-மீ-வீ 6 என்னும் கடலடிக் கேபிளின் வரலாறு நமக்கு இன்னும் அண்மையானது. ஸ்ரீ லங்கா ரெலிகொம் உட்படப் பல நாட்டுக் கம்பனிகள் அதிற் பங்காளிகள். அதனை அமைக்கும் பணி சீன நிறுவனமொன்றுக்குக் கிடைக்கவிருந்த வேளையில், அமெரிக்க அரசு பங்காளிகளிடம் வற்புறுத்தியதன் விளைவாக 2022இல் அமெரிக்க நிறுவனமொன்றுக்குச் சென்றதென ரொய்ட்டர் செய்தி நிறுவனம் 2023இல் வெளியிட்டது. சீனக் கம்பனிகள் இரண்டு திட்டத்தினின்று விலகின. கேபிள் செல்லும் கரைகளில் வாழும் மக்கள் இவ்விவாதத்திற் பங்குபற்றவில்லை. எவர் காதில் நமது பேச்சு விழவேண்டும் என்பதைப் பற்றிய போட்டியில், பேசுவோராகிய நாம் வெறும் வழிப்பாதையாகவே உள்ளோம்.

முடிவாகச் சில கூறலாம். தொடர்பு நுட்பம் தூதுவரை ஒழிக்கவில்லை. தந்தி ஒழிக்கவில்லை, இணையமும் ஒழிக்கவில்லை. சொல்லுக்குப் பின்னாலுள்ள கருத்தை உய்த்துணரவும், இரு பக்கமும் முகமிழக்காது இறங்கிவர வழிசெய்யவும் மனிதரே வேண்டியுள்ளது. வேகம் சில வேளைகளிற் போரைத் தடுக்கும், சில வேளைகளில் விரைவுபடுத்தும். வெளிப்படையும் அத்தகையதே. ஆனால் உடைமை பற்றிய விதி மாத்திரம் 1914இலும் 1970இலும் 2013இலும் பிறழவில்லை: கம்பியை உடையவன் கேட்கின்றான், பெட்டியைச் செய்தவன் திறக்கின்றான், மேடையை வாங்கியவன் பேச்சை நிறுத்துகின்றான்.

1976இற் கொழும்பில் எழுப்பப்பட்ட கோரிக்கை பழைமைப்பட்டுப் போனதாகச் சிலர் கருதுவர். அக்கோரிக்கையை முன்வைத்த அரசுகளுட் பல, தம் நாட்டுப் பத்திரிகைகளின் வாயை அடைப்பதற்கு அதனையே போர்வையாகக் கொண்டன என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அரசின் இறைமை வேறு, மக்களின் இறைமை வேறு. ஆயினும் தகவலின் பாதைகள் பொதுவுடைமையாக வேண்டும், அவற்றின் மீதான கட்டுப்பாடு சில தலைநகரங்களிலும் சில கம்பனிகளிலும் குவிதலாகாது என்ற அதன் அடிப்படை இன்று முன்னெப்பொழுதையும் விட உயிர்ப்புள்ளதாக விளங்குகின்றது. இலக்கமுறை இராஜதந்திரம் பற்றிய ஆய்வுகள் தூதுவரின் கையிலுள்ள கருவியோடு நின்றுவிடாது, அக்கருவியை மற்றைய கருவிகளுடன் இணைக்கும் கம்பியையும், அக்கம்பியின் உரிமைப் பத்திரத்தையும் நோக்கித் திரும்புதல் வேண்டும்.